சாம்பிள் அக்காவும் ரோஸ் பஞ்சும்

"உங்க அத்தை தினமும் கப்பல்ல இருந்து என்னத்தடா திருடிட்டு வர்றாங்க?"

ஒன்பதாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்ட கேள்வி இது. கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தை காலையில் ஒரு காலிப் பெட்டியோடு துறைமுகத்துக்குள் போவாள். மாலையில் அந்தப் பெட்டி நிறையச் சின்னச் சின்னப் பைகளோடு வெளியே வருவாள். ஒன்றில் பெயின்ட் சுரண்டல், ஒன்றில் விரல் நீள ஒயர்த் துண்டு, ஒன்றில் ஒரு சிட்டிகை பஞ்சு. திருடுகிறவர்கள் இதையா திருடுவார்கள்? "தெரியல" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டேன். இப்போது பதில் தெரியும். ஆனால் ஒரு வரியில் சொன்னால் புரியாது. அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

கப்பலுக்கு வயதாகிவிட்டால் அதை உடைத்து இரும்பாக விற்பார்கள். உடைப்பதற்கு முன்னால், அதற்குள் மனிதனைக் கெடுக்கும் பொருள் என்னென்ன, எந்த அறையில், எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். விளக்கில் பாதரசம் இருக்கலாம். நீராவிக் குழாய்களின் மேல் சூடு வெளியேறாமல் இருக்கக் கனமாக ஒரு உறை சுற்றியிருப்பார்கள். வேலையாட்கள் அதை லேக்கிங் என்பார்கள். அதற்குள் கல்நார் இருக்கலாம், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, இருமலும் வராது. மூச்சோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இருபது முப்பது வருடம் கழித்துத்தான் கணக்குத் தீர்க்கும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எண் போட்டு, சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதுதான் அத்தையின் வேலை. துறைமுகத்தில் அவளுக்குச் 'சாம்பிள் அக்கா' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளிக்கே தெரியாது.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், பத்தொன்பது வயதில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பெருக்கும் வேலையில் சேர்ந்தாள். ஆறு வருடம் எஞ்சின் அறைகளைப் பெருக்கினாள். மேலே இருக்கும் துவாரம் வழியாக ஒரு கீற்று வெயில் விழும் இடத்தில் தூசி மின்னுமாம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பாளாம். ஒருநாள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர் வந்து, "கொஞ்சம் வெளிய நில்லும்மா, இங்க சாம்பிள் எடுக்கணும், ஆபத்து" என்றார்கள்.

"நேத்து வரைக்கும் நான் பெருக்கின இடம்தானே சார்?"

"நாளைக்கும் பெருக்கு. இன்னிக்கு மட்டும் வெளிய நில்லு."

அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதமே பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். மூன்று வாரப் பயிற்சி, அதன் பிறகு பரீட்சை. வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் செய்ய, சமையலறை டப்பாக்களில் சீட்டு எழுதி ஒட்டினாள். சர்க்கரை டப்பாவில் 'ஈயம்', உப்பு டப்பாவில் 'பாதரசம்', டீத்தூள் டப்பாவில் 'கல்நார்'. அவளுடைய தம்பி மூன்று வாரம் வீட்டில் டீ குடிக்கவே பயந்தார். இரண்டு தடவை பரீட்சையில் தோற்று, மூன்றாவது தடவை தேறி, மாதிரி எடுப்பவருக்கான அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இருபது வருடமாக அது அவள் கழுத்தில்தான் இருந்தது.

அந்தத் தம்பிதான் என் அப்பா. ஆனால் இது அத்தையின் கதை என்பதால், இனி அவரைத் தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பிக்கு உடைக்கும் யார்டில் வேலை. கேஸ் நெருப்பால் கப்பல் இரும்பை வெட்டும் பத்து பேர் அவருக்குக் கீழே. ஆளும் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அக்காள் பட்டியல் போட்டுத் தர, தம்பி போய் வெட்டுவார். "அவ பூச்சி பிடிக்கப் போறா, நான் மாடு பிடிக்கப் போறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய ஆட்களுக்கு மாஸ்க் என்றாலே வேப்பங்காய். காற்றே இல்லாத அறையில், நெருப்புக்கு முன்னால், மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிக்கொண்டு நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் பட்டியல் வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே சாம்பிள் அக்காவின் கையெழுத்து இருந்து, அறைக்கு நேராக 'இல்லை' என்றும் இருந்துவிட்டால், மாஸ்க் கழுத்துக்கு இறங்கிவிடும். வேறு யார் கையெழுத்தாக இருந்தாலும் பாதி நம்பிக்கைதான்.

இந்த நம்பிக்கைதான் கதையின் முடிச்சு.

ஒரு புதன்கிழமை, இருபத்தொன்பது வயதான ஓர் எண்ணெய்க் கப்பலுக்கு அத்தை போனாள். யார்டுக்கு இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு அது புதிய கப்பல் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அது ஓடிக்கொண்டிருந்தபோதே பட்டியல் போட அவள் அதில் ஏறியிருக்கிறாள். அலுவலகத்தில் பழைய வரைபடத்தையே கையில் கொடுத்து, "அதே இடங்கள்ல எடுங்கக்கா, ஒப்பிட்டுப் பாக்க வசதி" என்றார்கள். நாற்பத்தொரு இடங்கள். பாய்லர் அறையின் பெரிய நீராவிக் குழாய்க்குப் பதினேழாம் எண்.

பாய்லர் அறையில் விளக்கு இல்லை. கப்பல் வாட்ச்மேன் டார்ச் பிடித்தார். குழாயை லேக்கிங் மூடியிருந்தது, லேக்கிங்கைத் தகரத் தகடு மூடியிருந்தது. தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல், அதற்கு ஒரு மூடி, நான்கு திருகுகள். பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் 17 என்று எழுதியிருந்தது. அந்த ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு. அப்படிக் கோடு போடுவது அத்தைதான். பழைய சினேகிதியைப் பார்த்ததுபோல் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னம்மா, குழாயப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"நம்ம கையெழுத்துண்ணே. அஞ்சு வருஷமா அழியாம இருக்கு."

மூடியைக் கழற்றினாள். தூசி எழும்பாமல் தண்ணீரைத் தெளித்தாள். சின்ன எஃகுக் குழலைத் திருகி உள்ளே இறக்கி, வந்ததைப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டாள். எண் எழுதினாள். துளையைப் பஞ்சால் அடைத்து மூடியை மாட்டினாள். இன்னும் இருபத்து நான்கு இடங்கள் பாக்கி. வியர்வை கண்ணில் வழிந்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பதினேழு: கண்ணாடி இழைப் பஞ்சு. கல்நார் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன் லேக்கிங்கை மாற்றிவிட்டதாகக் கப்பலின் காகிதங்களும் சொல்லின. எல்லாம் பொருந்தியது. பட்டியலில் அத்தை கையெழுத்துப் போட்டாள். யார்டுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை மாலை. அத்தை சமையலறை மேஜையில் தன் பெட்டியைப் பிரித்து வைத்து, தீர்ந்துபோன சாமான்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். தம்பி வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய்லர் ரூம் சுத்தம்னு போட்டுட்டியாமே. பசங்களுக்குத் தலைகால் புரியல. திங்கக்கிழமை காலையில அங்கதான் முதல் வெட்டு."

"போட்டாச்சு, போட்டாச்சு. அந்தப் பஞ்சுப் பையை எடுடா."

தம்பி பஞ்சுப் பையை எடுத்து மேஜையில் போட்டார். துளைகளை அடைக்கும் பஞ்சு. ஆறு வருடத்துக்கு முன்னால் கம்பெனி மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பெரிய மூட்டையாக வாங்கிப் போட்டது. இன்னும் தீரவில்லை. ரோஸ் நிறம். "மிட்டாய்க்காரன் வீட்டுப் பஞ்சா?" என்று அந்தக் காலத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். இந்தத் துறைமுகத்தில் வேறு யாரிடமும் ரோஸ் பஞ்சு கிடையாது.

அத்தை ஒரு பிடி பிய்த்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து, சோதனைக்கூடம் அனுப்பியிருந்த படங்களைத் திறந்தாள். பதினேழாம் பை. அழுக்கும் ஈரமுமாக ஒரு சிட்டிகை பஞ்சு, வெள்ளைத் தட்டில். ஓரத்தில் அழுக்குப் படாத ஓர் இழை.

ரோஸ்.

டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரிந்திருந்தது. இப்போதுதான் தெரிந்தது. அவள் எடுத்தது கப்பலின் லேக்கிங் அல்ல. ஐந்து வருடத்துக்கு முன் அவளே அடைத்துவிட்டு வந்த பஞ்சு.

"அடிப்பாவி" என்றாள்.

"யாரைச் சொல்ற?"

"என்னைத்தான்டா."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அவள் தொழிலே அந்தப் பழமொழிதான். ஒரு சிட்டிகையைப் பார்த்து முழுக் குழாயையும் சொல்வது. ஆனால் அந்த ஒரு சோறு வேறு பானைச் சோறாக இருந்தால்?

தம்பி கேட்கக் கேட்க அவள் எதுவும் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் வாயைத் திறக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. சோதனைக்கூடத்துக்காரருக்குப் போன் போட்டாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டிவைத்தே முப்பது வருடம் ஓட்டியவர். அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும்.

"சார், அஞ்சு வருஷத்துப் பழைய சாம்பிள் வச்சிருப்பீங்களா?"

"பத்து வருஷம் வச்சிருப்பேன். என் கல்யாணப் போட்டோ எங்க இருக்குனு கேட்டாதான் தெரியாது. நாளைக்குக் காலையில வாம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தட்டுகளை அவர் பக்கம் பக்கமாக வைத்தார். இந்த வாரத்துப் பதினேழு ரோஸ். ஐந்து வருடத்துப் பதினேழு வெள்ளை. இரண்டுமே கண்ணாடிப் பஞ்சுதான்.

"அப்போ பழசு சரியா இருக்கே. வெள்ளைனா கப்பலோட சொந்தப் பஞ்சு. லேக்கிங்கை மாத்திட்டாங்கன்னு காகிதமும் சொல்லுது. எதுக்கும்மா கவலை?"

அத்தை கண்ணை மூடி, ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் குழாய்க்கு எதிரில் நின்றதை நினைத்துப் பார்த்தாள். அன்றும் ஜன்னல் இருந்தது. மூடியும் நான்கு திருகுகளும் இருந்தன. ஓடுகிற கப்பலில் தகட்டை வெட்டக் கூடாது என்று கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, ஜன்னல் ஏற்கெனவே இருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்தது.

"சார், அந்த ஜன்னல் நான் வெட்டினது இல்ல."

பூதக்கண்ணாடி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு முன்னாடி ஒருத்தர் வெட்டிருக்காரு. அவரும் சாம்பிள் எடுத்திருப்பாரு. எடுத்துட்டு அவர்கிட்ட இருந்த வெள்ளைப் பஞ்சால அடைச்சிருப்பாரு. நான் வந்து அதை எடுத்துட்டு ரோஸ் பஞ்சை வச்சேன். இப்போ வந்து என் பஞ்சை நானே எடுத்தேன். ஊசி போன வழியிலயே நூல் போயிருக்கு சார். குழாய்க்குள்ள என்ன இருக்குனு இன்னிக்கு வரைக்கும் யாருமே பாக்கல."

"இருக்கலாம்" என்றார் அவர். "இல்லாமலும் இருக்கலாம்."

"ஆமா. ஆனா நான் 'தெரியாது'னு எழுதல. 'இல்லை'னு எழுதிட்டேன்."

அங்கிருந்து நேராகத் தன் கம்பெனி மேனேஜர் வீட்டுக்குப் போனாள். மேனேஜர் அத்தையைவிட வயதில் சின்னவர், நல்லவர், ஆனால் விதிமுறைப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். கதவைத் திறந்தபோது கையில் துணி காயப்போடும் கிளிப்புகள் இருந்தன.

"ரிப்போர்ட் போயிடுச்சேக்கா. சீல் வச்சுப் போயிடுச்சு."

"போனது திரும்பி வரணும் மேடம். குழாய் வளைவுல தகட்டைப் பிரிச்சு ஒரு சாம்பிள் எடுக்கணும். நேரா போற இடத்துல பழசைப் பிச்சுப் போட்டுப் புதுசு சுத்துறது சுலபம். வளைவுல கையால பூசிருப்பாங்க. அங்க மாத்த யாருக்கும் பொறுமை இருக்காது."

மேனேஜர் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "'கூடுதல் சோதனை'னு போட்டுடறேன். யார் தப்புன்னும் எழுத வேண்டாம். செவ்வாய்க்கிழமை அனுமதி வந்துடும்."

"செவ்வாய்க்கு முன்னாடி திங்கள்னு ஒண்ணு இருக்கே மேடம். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்த ரூம்ல என் தம்பி நிப்பான். மூஞ்சியை மூடாம நிப்பான். ஏன்னா 'இல்லை'னு எழுதினது நான்."

"நாளைக்கே திறக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சாம்பிள் எடுத்தவங்களே தன்னோட தப்புனு எழுதிக் கொடுக்கணும். உங்க கார்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குக்கா."

இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் இரண்டு பைகளின் எண் மாறிப்போனது. இரண்டாவது தப்பு விழுந்தால் ஒரு வருடம் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

"தெரியும் மேடம். விதியை நானும் படிச்சிருக்கேன். மூணு தடவை பரீட்சை எழுதினவ நான்."

மேனேஜர் கிளிப்புகளை மேஜையில் வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்து வந்தார். சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து அத்தை எழுதினாள். அவளுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அந்தப் படிவத்தின் நகலை நான் பார்த்திருக்கிறேன்:

"பதினேழாம் இடத்தில் நான் எடுத்தது கப்பலின் லேக்கிங் அல்ல. ஐந்து வருடத்துக்கு முன் நானே அடைத்த பஞ்சு. அந்த இடத்தை வசதிக்காகத் தேர்ந்தெடுத்தேன். அங்கே கல்நார் இல்லை என்று எழுதினேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிவிட்டேன்."

ஐந்தே வாக்கியங்கள். முக்கால் மணி நேரம் ஆனதாம்.

"இது போதும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் மேனேஜர். "கல்நார் இருக்குனு சோதனைக்கூடத்துக் காகிதம் வர்ற வரைக்கும் யார்டு வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"எனக்கும் இல்ல. பாத்துக்கலாம் மேடம்."

திங்கட்கிழமை விடிந்ததும் அத்தை கப்பலில் இருந்தாள். மேனேஜரும் கூடவே வந்திருந்தார், தன் ஸ்கூட்டரில். பாய்லர் அறையில் அந்தக் குழாய் மேலே ஏறித் திரும்பும் வளைவுக்கு ஏணி போட்டு ஏறினாள். மாஸ்க்கை இறுக்கினாள். தகட்டைப் பிடித்திருந்த பட்டைகளில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அதை அறுக்கவே அரைமணி நேரம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, தகட்டை ஒரு விரல் அளவு விலக்கினாள்.

உள்ளே ரோஸும் இல்லை, வெள்ளையும் இல்லை. நனைந்த அட்டை மாதிரி சாம்பல் நிறத்தில், கையால் பூசியது. அந்தக் காலத்தில் பூசியவரின் நான்கு விரல் தடங்கள்கூட அப்படியே பதிந்திருந்தன. கொஞ்ச நேரம் அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எஃகுக் குழலை எடுத்து, குழாய் இரும்பில் இடிக்கும் வரை திருகினாள்.

பை மேனேஜர் கைக்குப் போனது, ஸ்கூட்டர் பறந்தது. எட்டு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. அத்தை அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

ஏழே முக்காலுக்குத் தம்பியின் குரல் படிக்கட்டில் கேட்டது, ஆள் பின்னால் வந்தார். பின்னாலேயே பத்து பேர், தோளில் கேஸ் டியூப்புகள், கழுத்தில் தொங்கும் மாஸ்க்குகள்.

"என்னக்கா, கதவுக்குக் காவலா?" என்றான் ஒருவன். ஒல்லியாக இருப்பான், வாய் மட்டும் கொழுத்தது. "உள்ள ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா? எங்களுக்கும் பங்கு கொடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தம்பி அதைக் கவனித்தார்.

"என்னக்கா?"

"உள்ள போகாதீங்க. ரெண்டு மணி நேரம்."

"ஏன்? நீதான இல்லைனு எழுதின?"

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

பத்து பேர் முன்னால் சொன்னாள். படிவத்தில் எழுதியதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது என்று பிறகு சொன்னாள். படிவம் திரும்பிப் பார்க்காது. இந்த முகங்கள் பார்த்தன. எடுத்தது எங்கே, அடைத்தது யார், ரோஸ் பஞ்சு எப்படி வந்தது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தாள்.

"அப்போ நீங்க போட்ட மத்தப் பட்டியல் எல்லாம்?" என்றான் ஒல்லி. இப்போது அவன் வாயில் கேலி இல்லை.

"தெரியல. பாக்கணும். எல்லாத்தையும் பாக்கணும்."

தம்பி அக்காளையே பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த டியூப்பைச் சுருட்டித் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். "டீ குடிங்கடா" என்றார்.

எட்டரைக்கு யார்டு சூப்பர்வைசர் மேலிருந்து கத்தினார். "யாரு வேலையை நிறுத்தினது?"

"யாரும் நிறுத்தல சார்! டியூப்ல கசிவு இருக்கானு பாத்துட்டு இருக்கோம்!" என்று தம்பி குரல் கொடுத்தார்.

"பதினோரு பேருமா?"

"சின்னக் கசிவு சார்! கண்ணுக்குத் தெரியறது கஷ்டம்!"

ஒன்பதே முக்காலுக்கு அத்தையின் போன் அடித்தது. பூதக்கண்ணாடி.

"இருக்கும்மா. கொஞ்சநஞ்சம் இல்ல, பாதிக்குப் பாதி. இத்தனை வருஷத்துல இவ்வளவு நான் பாத்ததே இல்ல. மேடம் காகிதத்தோட கிளம்பிட்டாங்க."

அத்தை போனைப் பையில் போட்டாள். பெட்டியிலிருந்து சிவப்பு பெயின்டை எடுத்து, பாய்லர் அறைக் கதவில் மூலைக்கு மூலை ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டாள்.  

காகிதம் வந்தது, அறைக்குச் சீல் வைத்தார்கள். கல்நார் எடுப்பதற்கென்றே இருக்கும் ஆட்கள் முழு உடுப்போடு வந்து, மூன்று வாரம் அந்த அறையைச் சுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் தம்பியின் ஆட்கள் உள்ளே போனார்கள்.

அன்று மாலை இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். பாதி வழி வந்ததும் தம்பி தன் பெரிய குரலைத் தாழ்த்திச் சொன்னார். 

"உன் கையெழுத்தை நம்பித்தான்க்கா மாஸ்க்கைக் கழட்டுவோம்."

"இனிமே கையெழுத்தை நம்பாதடா. எங்க எடுத்தேன்னு கேளு."

அட்டை போனது. ஒரு வருடம். விதி விதிதான், மேனேஜர் கையெழுத்துப் போட்டபோது அழுதார் என்றாலும் போட்டார். அத்தை அந்த ஒரு வருடமும் சோதனைக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவினாள், பைகளுக்குச் சீட்டு ஒட்டினாள். "என்னம்மா, பெருக்கற வேலைக்கே திரும்பிட்ட மாதிரி இருக்கா?" என்று பூதக்கண்ணாடி கேட்டார். "அப்போ தூசியை அழகுன்னு பாத்தேன் சார். இப்போ பேர் சொல்லத் தெரியும். வித்தியாசம் இருக்கு" என்றாள்.

அந்த ஆறு வருடத் தூசி அவளுடைய நெஞ்சுக்குள்ளும் எங்கேயாவது இருக்கும். வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்கிறாள். இதுவரை ஒன்றும் இல்லை. "நான் பட்டியல் இல்லாத கப்பல்டா. உள்ள என்ன இருக்குனு உடைக்கும்போதுதான் தெரியும்" என்று சிரிப்பாள். கேட்கிற எங்களுக்குச் சிரிப்பு வராது.

அந்த வருடத்தில் அவள் இன்னொன்றும் செய்தாள். இருபது வருடமாகத் தான் எடுத்த இடங்களின் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஏற்கெனவே இருந்த ஜன்னலுக்குள் கைவிட்டு எடுத்த கப்பல்கள் மட்டும் பத்தொன்பது. பத்தொன்பது கப்பல்காரர்களுக்கும் கடிதம் போனது. பதினைந்து கப்பல்கள் இன்னும் கடலில் இருந்தன. திரும்பவும் சோதித்ததில் இரண்டில் கல்நார் இருந்தது. மீதி நான்கு கப்பல்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நான்கின் பெயர்களையும் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அட்டை திரும்பிக் கிடைத்த அன்று, வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு பக்கெட்டில் சிவப்புச் சாயம் கரைத்தாள். கம்பெனியில் மீதி இருந்த ரோஸ் பஞ்சு மூட்டை முழுவதையும் அதில் முக்கி எடுத்துக் காயவைத்தாள். "கப்பலுக்கு லிப்ஸ்டிக் போடறாங்கடோய்" என்று துறைமுகமே சிரித்தது. ஆனால் ஆறே மாதத்தில் மற்றக் கம்பெனிக்காரர்களும் வந்து, "அந்தச் சாயம் எந்தக் கடைலக்கா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். இப்போது இங்கே யார் எந்த ஜன்னலைத் திறந்தாலும், உள்ளே சிவப்பைப் பார்த்தால் உடனே மூடிவிட்டு, இரண்டு முழம் தள்ளிப் போய்த் தகட்டைப் பிரிக்கிறார்கள். தம்பியின் ஆட்கள் பட்டியல் வந்தால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பதில்லை. நடுப்பக்கத்தில் எங்கே எடுத்தது என்று விரல் வைத்துப் படிக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒல்லி படித்துக் காட்டுகிறான்.

பக்கத்து பெஞ்சுக்காரன் இதைப் படிப்பானா என்று தெரியாது. படித்தால், அவன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது கப்பலில், யார்டில், பழைய பாய்லர் இருக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார்களா? அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். முழுதாகச் சொல்ல நேரமில்லை என்றால், அத்தையின் ஒரு வாக்கியத்தை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்: 'இல்லை' என்று எழுதியிருந்தால், எங்கே எடுத்தீர்கள் என்று கேள்.